செவ்வாய்க்கிழமை அடைத்த ஓட்டை

7

டோல்கேட்டைத் தாண்டியதுமே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. கௌசர் அதற்கெல்லாம் அசரவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி தெரிந்தால் போதும், ஸ்கூட்டரை உள்ளே விட்டுவிடுவாள். பின்னால் உட்கார்ந்திருந்த தேவப்பிரியம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இன்னா சார், ஜெபமா, தூக்கமா?"

"ரெண்டும் இல்ல. நீ ஓட்டறதைப் பார்க்காம இருக்கேன்."

தேவப்பிரியத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருஷம் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பதுதான் வேலை. ஆயிரம் மூட்டையில் ஒன்றின் தையல் மட்டும் வேறாக இருந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கண்ணை நம்பித்தான் ராயபுரத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, துப்பறியும் அலுவலகம் என்று போர்டு மாட்டினார். புளியந்தோப்பு கௌசர் அந்த அலுவலகத்தின் ஒரே ஊழியர். முப்பத்து நாலு வயது. வாயை மூடச் சொன்னால் அதற்குத் தனியாகச் சம்பளம் கேட்பாள்.

"கேஸை இன்னொரு தடவை சொல்லு."

"எண்ணூர் பக்கத்துல ஒரு கன்டெய்னர் யார்டு. நேத்து விஜயதசமி, லீவு. மத்தியானம் ஒரு மணிக்குப் பின்னாடி கேட்டு தானா தொறந்துக்கிச்சு. கேமரா தானா படுத்துக்கிச்சு. ஒரு கன்டெய்னர் இறால் தானா நடந்து போயிடுச்சு. அதுக்கு நம்ம ராயபுரம் பொண்ணு மெர்லின் மேல பழி. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டரு வராரு. இப்ப மணி ரெண்டே கால். போதுமா?"

"போதும். முன்னாடி பாரு."

யார்டின் முதல் மாடியில் கண்ணாடி வைத்த அறை. சுவர் முழுக்கத் திரைகள். முன்கேட், பின்கேட், எடைமேடை, குளிரூட்டிய கன்டெய்னர்கள் எல்லாம் அங்கே தெரிந்தன. ஏதாவது ஒன்று பேச்சுமூச்சில்லாமல் போனால் அடுத்த நொடி அலறுவதற்கு ஒரு சாஃப்ட்வேர். நெட்வொர்க்கை ராப்பகலாகக் கண்காணிப்பதுதான் அதன் பிழைப்பு. நேற்று அது அலறவில்லை.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மானேஜர் தங்கப்பாண்டி மேசை மேல் ஒரு தாளை வைத்து, அது பறந்துவிடும் என்பது போல உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். போலீஸ் புகார். மூலையில் நாற்காலி நுனியில் மெர்லின். இருபத்தாறு வயது, யார்டின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள், அழுது முடித்த முகம். கம்ப்யூட்டருக்கு முன்னால் விமல், சாஃப்ட்வேரை விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆள். இஸ்திரி கலையாத சட்டை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பும்போது மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

"முதலாளி உங்களைப் பார்க்க விடச் சொன்னாரு, விடுதேன்," என்றார் தங்கப்பாண்டி. தூத்துக்குடிப் பேச்சு. "ஆனா சொல்லிப்புடுதேன், இதுல துப்பறிய ஒண்ணுமில்ல. இந்த சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா வெளியில இருந்து எவனும் உள்ள வரலாம், உடனே அடைங்கன்னு போன வாரமே கம்பெனில இருந்து மெயில் வந்தாச்சு. அடைக்கிறதுக்குப் பேட்ச்சும் அனுப்பிட்டாவ. செவ்வாய்க்கிழமை போட்டுட்டேன்னு இந்தப் பிள்ள ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கு. போடவே இல்ல!"

"போட்டேன் சார்," என்றாள் மெர்லின். "பதினொண்ணு இருபதுக்குப் போட்டு முடிச்சேன்."

விமல் பெருமூச்சு விட்டான். "எனக்கே சங்கடமாத்தான் சார் இருக்கு. மெர்லின் நல்லா வேலை செய்யறவங்க. ஆனா பாருங்க." திரையில் விரலை வைத்தான். "வெர்ஷன் நாலு புள்ளி ரெண்டு. பழசு. பேட்ச் போட்டிருந்தா நாலு புள்ளி மூணுன்னு காட்டணும். டவுன்லோடு பண்ணியிருக்காங்க, போடல. அந்த ஓட்டை வழியா எவனோ உள்ள வந்து அலாரத்தை அமுக்கி, கேட்டைத் தொறந்து, போகும்போது ரெண்டு நாள் பதிவையும் அழிச்சிட்டுப் போயிருக்கான்."

"மெர்லின் போட்ட பேட்ச்சை யாராவது எடுத்திருந்தா?" என்றார் தேவப்பிரியம்.

"எடுத்தா எடுத்ததுக்குத் தடயம் இருக்கும். இல்ல. மெஷினையே யாரும் தொடல சார். இதோ, புதன்கிழமை லீவுன்னு செவ்வாய்க்கிழமையே போட்ட ஆயுத பூஜைக்கு மெர்லின் வச்ச பொட்டு. ஹார்ட் டிஸ்க் டிராயர் மேல காய்ஞ்சு அப்படியே ஒட்டியிருக்கு. டிராயரை இழுத்திருந்தா உதிர்ந்திருக்காதா?"

தேவப்பிரியம் குனிந்து பார்த்தார். உள்ளங்கை அகல டிராயர். அதன் விளிம்பில் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்துபோய், சட்டத்தையும் டிராயரையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

"பெருமாள் கோயில் உண்டியல் சீலு மாதிரி கீது," என்றாள் கௌசர்.

"அதேதான் மேடம். சீல்." விமல் சிரித்தான்.

மெர்லின் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் வேலை பார்க்க வேண்டுமென்றால் துறைமுக அனுமதிச் சீட்டு வேண்டும். போலீஸ் புகாரில் பெயர் ஏறிவிட்டால் சீட்டு போய்விடும். சீட்டு இல்லாத கம்ப்யூட்டர்காரியை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கேட்டிலும் விடமாட்டார்கள். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நாலு மணிக்கு முன்னால் பதில் வேண்டும் என்பதும் தெரியும்.

"விமல், நீங்க கடைசியா இங்க வந்தது?"

"ஒரு மாசம் இருக்கும் சார். அப்புறம் இன்னிக்குக் காலையில மானேஜர் கூப்பிட்டுத்தான்."

"மெர்லின், நீ காலையிலேர்ந்து மெஷினைப் பார்த்தியா?"

"கை வைக்கவே கூடாதுன்னுட்டாங்க சார். மூலையிலயே உக்கார வச்சிட்டாங்க."

"சரி, என்கூட வாம்மா. கௌசர், நீயும்."

நடைபாதையில் சாமி படம். அதன் முன்னால் வாடிய கதம்பம், பொரி சிதறல், பாதி காய்ந்த சந்தனக் கிண்ணம். தேவப்பிரியம் கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.

"ரூம்ல இருக்கிற பொட்டெல்லாம் நீதான் வச்சியா?"

"ஆமா சார். அவங்கவங்க தொட்டு வேலை செய்யற மெஷினுக்கு அவங்கவங்கதான் வைக்கணும்னு மானேஜர் சார் சொல்லுவாரு. வருஷா வருஷம் நான்தான் வைப்பேன். எங்க அம்மாகூட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இந்தக் கதவுக்கு ஒண்ணு வை, பார்க்கலாம்."

மெர்லினுக்குப் புரியவில்லை. ஆனாலும் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள். கதவில் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு. குறுக்கே இன்னொன்று. இரண்டும் சேர்ந்த இடத்தில் குங்குமத்தை அழுத்தினாள். எட்ட நின்று பார்த்தால் சாதாரணப் பொட்டுதான். கிட்டப் போனால் சின்னதாக ஒரு சிலுவை.

கௌசர் வாயில் கை வைத்தாள். "யம்மா! நீ பொட்டு வெச்சாலும் அது கோயிலுக்குப் போவாம சர்ச்சுக்குப் போவுது!"

மெர்லின் அப்போதுதான் அதைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "வேணும்னு பண்ணல சார். சாம்பல் புதன்ல ஃபாதர் நெத்தியில இப்டித்தான் போடுவாரு. நான் சின்னதுல இருந்து வேற மாதிரி பார்த்ததே இல்ல. கை தானா போயிடுது. தப்பா சார்?"

"தப்பே இல்ல. ரொம்ப நல்லது பண்ணியிருக்க." தேவப்பிரியத்துக்கு உள்ளே ஒரு சந்தோஷம் குதித்தது. காட்டிக்கொள்ளவில்லை. "கௌசர், உள்ள போய் எல்லாப் பொட்டையும் கிட்டப் பார்த்துட்டு வா. எதுவும் பேசாதே."

"ரெண்டாவதுதான் கஷ்டம்," என்று போனவள், இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. காதோரம் வந்துதான் சொன்னாள். "யூபிஎஸ், கீபோர்டு, மானிட்டரு, சுச்சு பாக்ஸ், எல்லாம் சிலுவை சார். டிராயரு மட்டும் ரவுண்டு."

டிராயரை யாரோ இழுத்திருக்கிறார்கள். இழுத்துவிட்டு, பொட்டு இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று புதிதாக ஒன்றை வைத்திருக்கிறார்கள், உலகத்தில் எல்லோரும் வைப்பதைப் போல வட்டமாக.

"பேட்ச் போடறதுக்கு முன்னாடி ஏதாவது முன்னேற்பாடு செய்வியாம்மா?"

"டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சுடுவேன் சார். பேட்ச் மக்கர் பண்ணா பழசைச் சொருகிக்கலாம். எடுத்து மானேஜர் பீரோவுல..." மெர்லின் நின்றுவிட்டாள். அவளுக்கும் உறைத்துவிட்டது. "அய்யோ. பழசைச் சொருகினா நான் பேட்ச் போட்டதே இருக்காது சார். தடயம்கூட இருக்காது. ரெண்டு நாள் பதிவும் இருக்காது. யாரும் அழிக்கவே வேணாம்!"

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். மணி மூன்று பத்து.

"மிஸ்டர் தங்கப்பாண்டி, பீரோ சாவி?"

"எங்கிட்டதான் இருக்கு. எப்பவும் எங்கிட்டதான் இருக்கும்."

"வேற யாரும் தொட மாட்டாங்க?"

"எங்கையை விட்டு எங்கயும் போவாது." சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம். தேவப்பிரியம் அதைக் குறித்துக்கொண்டார்.

பீரோ திறந்தது. மேல்தட்டில் ஒரே ஒரு டிஸ்க் டிராயர், அதன் முகப்பில் பேர் எழுத வெள்ளைக் காகித லேபிள் ஒட்டியிருந்தது. தேவப்பிரியம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். யாரோ அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். உலோகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் காகிதம் குங்குமத்தைக் குடித்துவிட்டது. நடுவில் சிவப்பு, அதிலிருந்து மேலே கீழே இடம் வலம் என்று மஞ்சளாக நாலு கோடு.

"பீரோவுக்குள்ள இருந்ததுக்கு யாரு சார் பூஜை போட்டது?" என்றாள் கௌசர்.

"மெர்லின், இதைப் போட்டுப் பாரு."

விமல் எழுந்தான். "சார், போலீஸ் வர்ற வரைக்கும் எதையும் மாத்தக்கூடாது. சாட்சியம் கெட்டுடும்."

"மெயின் மெஷின்ல இல்ல. ஸ்பேர்ல."

மெர்லின் டிஸ்க்கைச் சொருகினாள். ஸ்பேர் மெஷின் முனகிக்கொண்டு எழுந்தது. திரையில் எழுத்து வந்தது. வெர்ஷன் நாலு புள்ளி மூணு. பேட்ச் போடப்பட்ட நேரம், செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் சொன்னதை நம்பிய முதல் ஜீவன் அந்த மெஷின்தான்.

அறையில் எல்லாப் பார்வையும் இப்போது தங்கப்பாண்டி மேல் போய் உட்கார்ந்தது. சாவி அவரிடம். புகார் எழுதியவரும் அவர். புகார்த் தாளின் மேலிருந்த கை மெல்ல விலகியது.

"என்னைய ஏன் பாக்கீக? நான் ஏன் இதைச் செய்யப் போறேன்?"

"எங்கையை விட்டு எங்கயும் போவாதுன்னீங்களே," என்றாள் கௌசர். "காலுல போச்சா?"

தங்கப்பாண்டி நாற்காலியில் சரிந்தார். குரல் பாதியாகிவிட்டது. "செவ்வாய்க்கிழமை பூஜையில வச்சேன். சாவிக்கொத்து, ரிஜிஸ்டர், ஸ்பானர் எல்லாத்தையும் சாமி முன்னாடி வச்சுடுவோம். விஜயதசமி அன்னைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். நான் புதன்கிழமை காலையிலேயே ஊருக்குப் போயிட்டேன். இன்னைக்குக் காலையில வந்துதான் சாவியை எடுத்தேன். ரெண்டு நாளு சாமி முன்னாலயேதான் கிடந்துச்சு. முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்னு மறைச்சுட்டேன். சாமிகிட்ட இருக்குத சாவியை எவன்யா தொடுவான்?"

தேவப்பிரியத்துக்கு அவர் மேல் கோபம் வந்தது, கூடவே பரிதாபமும் வந்தது. தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண்ணின் பிழைப்பை நாலு மணிக்கு ஒப்படைக்க இருந்த மனிதர். ஆனால் திருடன் இல்லை.

"அப்ப நேத்து யார் வந்தாங்க?"

விமல் முன்கேட் ரிஜிஸ்டரைத் தள்ளினான். "நான் காலையிலேயே பார்த்துட்டேன் சார். வியாழக்கிழமை ஒரு பேர்கூட இல்ல. யாரும் வரல."

"வாட்ச்மேனைக் கூப்பிடுங்க."

ராமதாஸ் எண்ணூர்க் குப்பத்துக்காரர். பாதி வயது வரை கடலில் வலை போட்டுவிட்டு, மீதியைக் கேட்டில் போடுகிறவர். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நேத்து கேட்ல நீங்கதானே? யாருமே வரலையா?"

"வர்ல சார். லீவு நாளு. பூஜைக்கு வந்தவங்கதான்."

"பூஜைக்கு யார் வந்தாங்க?"

"அது நெறைய பேர் வந்தாங்க. கிரேன் டிரைவருங்க, பக்கத்து கொடோன்காரரு, டீக்கடை பாய்கூட வந்து சுண்டல் துன்னுட்டுப் போனாரு."

"அவங்க பேரை ஏன் எழுதல?"

ராமதாஸ் அவரை அப்பாவியாகப் பார்த்தார். "இன்னா சார் நீங்க? சாமி கும்புட வந்தவங்களை நிக்க வெச்சுக் கையெழுத்து வாங்குனா நல்லாவா இருக்கும்? அவுங்கள எழுதுறதே இல்ல சார். வேலையா வந்தாதான் எழுதுவேன்."

தேவப்பிரியம் ரிஜிஸ்டரை மூடினார். ஒரு ஓட்டையை அடைக்க ஊரெல்லாம் மெயில் பறக்கிறது. இந்த ஓட்டைக்கு யாரும் மெயில் அனுப்புவதில்லை.

"வந்தவங்கள்ல யாராவது இந்த ரூம்ல இருக்காங்களா?"

"இதோ கீறாரே," என்றார் ராமதாஸ், கொஞ்சமும் யோசிக்காமல். "விமல் சாரு. பொரி, கடலை எல்லாம் பெரிய பொட்டலமா வாங்கியாந்தாரு. தங்கமான மன்சன். நாங்க கீழ சுண்டல் குடுத்துகினு இருந்தோம், இவுரு மேல வந்து சாமி கும்புட்டாரு. அப்போ கேட்டுல இருக்கிற கேமரா டிவி ஒரு தபா அணைஞ்சு எரிஞ்சுது. கரண்டுன்னு நெனச்சேன்."

விமலின் சட்டையில் மடிப்பு கலையவில்லை. முகத்தில் கலைந்தது. "ஆமா, பூஜைக்கு வந்தேன். மறந்துட்டேன். வேலையா வந்ததைத்தானே கேட்டீங்க?"

"நியாயம்தான்," என்றார் தேவப்பிரியம். "ராமதாஸ், சார் வேற ஏதாவது கேட்டாரா?"

"சந்தனக் கிண்ணம் கேட்டாரு. பைக்குக்குப் பொட்டு வெக்கணும்னாரு. எடுத்துக்கோங்கன்னேன்."

கௌசர் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே கொட்டகை ஓரமாக விமலின் பைக் நின்றது. படிக்கட்டில் தடதடவென்று இறங்கினாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள்.

"பொட்டு இல்ல சார். ஹெட்லைட்லயும் இல்ல, டேங்க்லயும் இல்ல."

"தொடைச்சுட்டேன்," என்றான் விமல்.

"தொடச்சியா?" கௌசர் ஆள்காட்டி விரலை நீட்டினாள். நுனி சாம்பல் நிறத்தில் இருந்தது. "வண்டி மேல எண்ணூர் கரண்ட் பேக்டரி சாம்பலு ஒரு வாரத்துது படிஞ்சு கீது நைனா. அப்படியே ஒரே சீரா. சாம்பல விட்டுட்டுப் பொட்ட மட்டும் தொடைக்கிற துணி எங்க விக்கறாங்க? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

விமல் கதவைப் பார்த்தான். அங்கே ராமதாஸ் நின்றிருந்தார். இவ்வளவு நேரம் இருந்த அப்பாவித்தனம் அவர் முகத்தில் இல்லை.

"சாமி கும்புட வந்தேன்னு சொல்லித்தானே உள்ள வுட்டேன்," என்றார் மெதுவாக. "எம் மூஞ்சிக்கு நேரா கையெடுத்துக் கும்புட்டியே."

விமல் உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் எல்லாம் தானாக வந்தது. ஓட்டையைப் பற்றிய அறிவிப்பு அவன் கம்பெனிக்குத்தான் முதலில் வந்தது. தன் சர்வீஸ் பாஸ்வேர்டில் நுழைந்தால் பெயர் பதிவாகும். ஓட்டை வழியாக நுழைந்தால் யாரோ வெளியாள் என்று ஆகும். ஆனால் மெர்லின் சொன்ன நாளில் சொன்னபடி அடைத்துவிட்டாள். அதனால் சாமி முன்னால் கிடந்த சாவியை எடுத்து, பீரோவிலிருந்த பழைய டிஸ்க்கைச் சொருகி, அடைத்த ஓட்டையை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. இறால் கன்டெய்னர் மணலியில் ஒரு கொடோனில் நிற்கிறது, நாளை ஆந்திரா போக வேண்டும்.

"மெர்லினோட பேர் அடிபடும்னு யோசிக்கலையா?" என்றார் தேவப்பிரியம்.

"யாராவது ஒருத்தர் பேர் அடிபடணும்ல சார்," என்றான் விமல் தரையைப் பார்த்தபடி.

தேவப்பிரியம் யாரையும் அடித்ததில்லை. அன்றைக்குக் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

தங்கப்பாண்டி புகார்த் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். மெர்லினிடம் போனார். "ஏ பிள்ள, மன்னிச்சிரு. மனசுல வச்சுக்காத. இன்னைக்கு வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு. திங்கக்கிழமை வந்தாப் போதும்."

மெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்பேர் மெஷின் முன்னாலிருந்து எழுந்தாள்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் சார். ரிஜிஸ்டர்ல என் கையெழுத்துக்குக் கீழ, செவ்வாய்க்கிழமை போட்டது உண்மைன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. அப்புறம் வீட்டுக்கெல்லாம் போவ முடியாது. பழைய டிஸ்க்குதான் இன்னும் ஓடிகினு இருக்கு. ஓட்டை தொறந்தே கீது."

தங்கப்பாண்டி எழுதினார். எழுதி முடித்ததும் அவள் ஒரு வரியையும் விடாமல் படித்துப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "இந்த டிஸ்க்கு போலீசுக்குச் சாட்சி, அது அப்படியே இருக்கட்டும். நான் புதுசுல காப்பி எடுத்து, திரும்பப் பேட்ச் போடறேன். அதுவரைக்கும் ஸ்க்ரீன் எல்லாம் இருட்டாயிடும். ராமதாஸ் அண்ணே, பின்கேட்டுல நீங்க நின்னுக்கோங்க. யாரு வந்தாலும் எழுதுங்க."

"சாமியே வந்தாலும் எழுதறேம்மா," என்று ராமதாஸ் படியிறங்கினார்.

சுவரில் திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மணி சரியாக நாலு. இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்து, குற்றவாளியைத் தேடும் கண்ணால் அறையை ஒரு தடவை அளந்தார்.

"இங்க யாரு மெர்லின்?"

அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் இல்லை. விரல்கள் கீபோர்டின் மேலேயே இருந்தன.

"நான்தான் சார். நீங்க தேடி வந்த ஆளு அந்த நாற்காலியில இருக்காரு. எங்கிட்ட பேசணும்னா கொஞ்சம் உக்காருங்க. வேலையில கீறேன்."

இன்ஸ்பெக்டர் தேவப்பிரியத்தைப் பார்த்தார். தேவப்பிரியம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.